மொடியூலர் சிந்தசைசர்: முதல் கேபிளை எங்கே சொருகுவது?

கோணேசபுரி

எல்லோருக்கும் வணக்கம். வளாகத்தில், திருகோணமலைச் சுவாமி மலையை இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் இராவணன் வெட்டுக் கதையை நாடகமாகப் போடுகிறோம். பின்னணி ஒலி என் தலையில் விழுந்திருக்கிறது. இணையத்தில் கிடப்பதை அள்ளிப் போட மனமில்லை. மடிகணினியில் வி.சி.வி. ரெக் இலவசப் பதிப்பை இறக்கி வைத்திருக்கிறேன்: மொடியூல் எனும் தனித்தனிப் பகுதிகளைக் கேபிளால் இணைத்து ஒலி உண்டாக்கும் மொடியூலர் சிந்தசைசரின் மென்பொருள் வடிவம். வேண்டியவை மூன்று: சுவாமி மலைக்குக் கீழே அடிக்கும் கடல், தொடக்கப் பாட்டுக்கு ஒரு சுருதி, வாள் விழுந்து மலை பிளக்கும் ஓசை.

இப்போதைய நிலைமை இதுதான். ஒலி அலையை உண்டாக்கும் ஒஸிலேட்டரின் வெளியீட்டை ஒலிபெருக்கிக்குப் போகும் மொடியூலில் சொருகினேன், கத்தத் தொடங்கிவிட்டது. நிறுத்த வேண்டுமென்றால் கேபிளைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் எதை எதனுடன் இணைப்பது?

உப்புவெளி வானொலி

தம்பி, கத்துவதுதான் ஒஸிலேட்டரின் வேலை. மின்சாரம் இருக்கும்வரை அது ஓயாது. கீபோர்ட்டில் விரலை எடுத்ததும் ஒலி நிற்கிறதென்றால், அதைச் செய்தவர்கள் உள்ளே ஒரு கதவை ஏற்கெனவே பொருத்திவிட்டார்கள் என்று பொருள். மொடியூலரில் அந்தக் கதவை நீரே பொருத்த வேண்டும். அதுதான் வி.சி.ஏ.: வந்து சேரும் வோல்ட்டேஜின் அளவுக்கு ஒலியைத் திறந்து மூடும் பெருக்கி.

இன்றைக்கு, ஒலியின் ஒரு பகுதியை வடிக்கும் பில்டரைத் தொட வேண்டாம், எதிரொலியைத் தொட வேண்டாம். ஒஸிலேட்டரின் ரம்பப்பல் அலை வி.சி.ஏ.யின் உள்ளீட்டுக்கு, வி.சி.ஏ.யின் வெளியீடு ஒலிபெருக்கிக்கு. இன்னும் கத்தும், கத்தட்டும். இனி ஒரு என்வலப்பை, அதாவது நேரத்தோடு எழுந்து விழும் வோல்ட்டேஜைத் தரும் மொடியூலை எடுத்து, அதன் வெளியீட்டை வி.சி.ஏ.யின் கட்டுப்பாட்டு உள்ளீட்டில் சொருகும். சட்டென்று அமைதியாகிவிடும். எதுவும் பழுதாகவில்லை. என்வலப் 0 வோல்ட்டில் நிற்கிறது, அதனால் வி.சி.ஏ. மூடிக் கிடக்கிறது.

அதைத் திறப்பதற்கு மிடியை, அதாவது விசை அழுத்தும் செய்தியை, வோல்ட்டேஜாக மாற்றும் மொடியூலை வையும். கணினியின் விசைப்பலகையே போதும். அதிலிருந்து இரண்டு கேபிள்கள். ஒன்று சுருதி வோல்ட்டேஜ், அது ஒஸிலேட்டருக்கு. மற்றது கேட், அது என்வலப்புக்கு. விசையை அழுத்தியிருக்கும்வரை கேட் உயர்ந்து நிற்கும், விட்டதும் விழும். அதைக் கண்டதும் என்வலப் தன் நான்கு குமிழ்கள் சொல்வதுபோல நடக்கும்: எழும் நேரம் அட்டாக், இறங்கும் நேரம் டிகே, விசை அழுத்தியிருக்கையில் தங்கி நிற்கும் அளவு சஸ்டெயின், விட்ட பின் அடங்கும் நேரம் ரிலீஸ். நான்கில் மூன்று நேரம், சஸ்டெயின் மட்டும் அளவு. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

அட்டாக்கை முழுவதும் குறைத்து டிகேயைச் சிறிதாக வைத்து, சஸ்டெயினைப் பூச்சியமாக்கினால் தந்தியைச் சுண்டியதுபோல் ஒலிக்கும். அட்டாக்கை ஒரு விநாடி ஆக்கினால் வில் இழுத்ததுபோல் வரும். ஒஸிலேட்டரில் எதையுமே மாற்றவில்லை என்பதைக் கவனியும். இது கைக்குப் பழகும்வரை வேறு மொடியூல் வேண்டாம்.

கோணேசபுரி

ஐயா, நான் தங்கச்சி. வேலை செய்கிறது, நன்றி! ஆனால் எல்லாமே சேவல் பொம்மை கூவுவதுபோல் இருக்கிறது.

லிங்கநகர்

இருக்காதா பின்னே? பில்டர் இல்லாமல் ரம்பப்பல் அலையைக் கேட்டால் காது கூசத்தான் செய்யும். உப்புவெளி அண்ணருக்கு எப்போதும் இதே பிடிவாதம். பழகுகிறவருக்கு முதலில் பில்டரைக் கொடுக்க வேண்டும், அதில்தான் ருசி. உயர்தரத்தில் பௌதிகவியல் செய்தவர்களுக்கு இது புதிதல்ல: ரம்பப்பல் அலையில் அடிப்படை மீடிறனின் எல்லா இசையங்களும், அதாவது அதன் முழு எண் மடங்குகளும், இருக்கின்றன, இரண்டாவது பாதி, மூன்றாவது மூன்றிலொன்று என்று வீச்சம் குறைந்துகொண்டே போகும். சதுர அலையில் ஒற்றைப்படை இசையங்கள் மட்டும். முக்கோண அலையிலும் ஒற்றைப்படைதான், ஆனால் வர்க்கத்தின்படி குறைவதால் குழலை நெருங்கிய மென்மை. லோ-பாஸ் பில்டர் மேலே இருப்பவற்றைச் சீவி எடுக்கிறது. எவ்வளவு சீவுகிறோம் என்பதில்தான் குரல் பிறக்கிறது.

தங்கச்சி, ஒஸிலேட்டருக்கும் வி.சி.ஏ.க்கும் நடுவில் பில்டரைப் போட்டு, அதே என்வலப்பின் வெளியீட்டிலிருந்து இன்னொரு கேபிளைப் பில்டரின் கட்டுப்பாட்டு உள்ளீட்டுக்கும் கொடுங்கள். ஒலி பெருகும்போது பிரகாசமும் கூடும், அடங்கும்போது மங்கும். வீணையானாலும் நாதஸ்வரமானாலும் ஓங்கி ஒலிக்கையில் மேல் இசையங்கள் கூடுதலாகத் தெரிகின்றன. காது அதற்குப் பழகியிருக்கிறது.

உப்புவெளி வானொலி

லிங்கநகர் சொன்னது சரி. ஆனால் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். என்வலப் 10 வோல்ட் வரை எழும். அதை அப்படியே பில்டரில் கொட்டினால் ஒவ்வொரு சுரமும் "வாவ்" என்று வாயைப் பிளக்கும். நடுவே ஓர் அட்டெனுவேட்டர் வேண்டும்: வருகிற வோல்ட்டேஜில் எவ்வளவு உள்ளே போகலாம் என்று தீர்மானிக்கும் குமிழ். பல மொடியூல்களில் உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று இருக்கும். பழகுகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அட்டெனுவேர்ட்டர் என்றால் இன்னும் வசதி. நடுவில் வைத்தால் பூச்சியம், வலப்பக்கம் நேர், இடப்பக்கம் எதிர். எதிர்ப்பக்கம் திருப்பினால் ஒலி எழும்போது பில்டர் மூடிக்கொள்ளும்.

பிள்ளை, மொடியூலர் வைத்திருக்கும் பத்துப் பேரிடம் எது போதவில்லை என்று கேட்டுப் பாரும். ஒஸிலேட்டர் என்று சொல்கிறவர் புதியவர். வி.சி.ஏ.யும் அட்டெனுவேட்டரும் என்று சொல்கிறவர் இணைத்துப் பழகியவர். எதை எதில் சொருகுவது என்பதை ஒரே மாலையில் படித்துவிடலாம். எவ்வளவு விடுவது என்பதுதான் கலை. ஒஸிலேட்டரின் மீடிறனை எல்.எப்.ஓ.வால், அதாவது காதுக்குக் கேட்காத அளவு மெதுவான ஒஸிலேட்டரால், அசைக்கும் அதே இணைப்பு ஒரு மில்லிமீற்றர் திருப்பலில் உயிருள்ள குரல், கால் சுற்றில் அம்புலன்ஸ்.

அடுத்த படி, அட்டெனுவேட்டரின் இடத்தில் இன்னொரு வி.சி.ஏ.யை வைப்பது. வி.சி.ஏ. ஒலிக்கு மட்டும் உரியதல்ல, கட்டுப்பாட்டு வோல்ட்டேஜையும் அது அதேபோல் பெருக்கும். எல்.எப்.ஓ.வை ஒரு வி.சி.ஏ. வழியாக ஒஸிலேட்டருக்கு அனுப்பி, அந்த வி.சி.ஏ.யை மெதுவாக எழும் என்வலப்பால் திறந்தால், சுரம் நேராகத் தொடங்கி, நீண்ட பிறகுதான் அசையத் தொடங்கும். பாடுகிறவர்கள் செய்வது அதுதானே?

நிலாவெளி வாசி

இவ்வளவு பாடு எதற்கு? கைபேசியில் தம்புரா செயலி இருக்கிறது. கடலுக்கு, கடற்கரைக்குப் போய்ப் பதிவு செய்யலாம். நமக்குக் கடலுக்கா பஞ்சம்?

கோணேசபுரி

போய்ப் பதிவு செய்தோம் அண்ணா. ஒலிவாங்கியில் வந்ததெல்லாம் காற்று. நடுவே ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு.

தம்பலகாமத்துத் தவில்

எல்லோரும் சுரத்திலேயே நிற்கிறீர்கள், அடிக்கு வழி சொல்லவில்லை. நான் தவில் வாசிக்கிற குடும்பம். இந்தப் பெட்டியில் தோல் ஒலி வருமா?

லிங்கநகர்

தவிலுக்கு மாற்றாக ஒருபோதும் வராது. தோலை நினைவூட்டும் ஒலி வரும், அதுவும் ஒஸிலேட்டரே இல்லாமல். பில்டரின் ரெசொனன்ஸை, அதாவது சீவும் எல்லைக்கு அருகே ஒலியை உயர்த்தும் குமிழை, தானாகவே ஊளையிடத் தொடங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். உள்ளீட்டில் ஒரு குறுகிய ட்ரிகரை, அதாவது கணநேர வோல்ட்டேஜ் துடிப்பை, மட்டும் அனுப்புங்கள். தட்டிய பாத்திரம் அதிர்ந்து அடங்குவதுபோல் பில்டர் ஒரு முறை ஒலித்து ஓயும். பில்டர் சீவத் தொடங்கும் இடத்தை வைக்கும் கட்-ஓப் குமிழ்தான் சுருதி, ரெசொனன்ஸ்தான் ஒலி நீடிக்கும் நேரம். தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு இது பொருந்தும், ஏனென்றால் விரல்கூட்டின் அடி கூர்மையானது.

கழியால் அடிக்கும் இடப்பக்கமான தொப்பிக்கு வேறு வழி. ஒரு சைன் அலையை 60 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள். குறுகிய என்வலப் ஒன்றை அதன் சுருதி உள்ளீட்டுக்கும் கொடுத்தால், அடி விழும் கணத்தில் சுருதி மேலே இருந்து சறுக்கி இறங்கும். அந்தச் சறுக்கல் இல்லாவிட்டால் வெறும் "பூம்" மட்டுமே. வி.சி.ஏ.யைத் திறக்க இன்னொரு என்வலப், சற்று நீளமாக. இரண்டும் ஒரே ட்ரிகரில் தொடங்க வேண்டும்.

தம்பலகாமத்துத் தவில்

செய்து பார்த்தேன். வலந்தலை மரப்பலகையில் தட்டியதுபோல் இருக்கிறது, மோசமில்லை. சறுக்கல் விஷயம் உண்மை. தொப்பியில் கழி விழுந்ததும் அப்படித்தான் ஒரு கணம் ஏறி இறங்கும். ஆனால் எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுகிறது. இப்படி வாசித்தால் என் அப்பா கழியைப் பிடுங்கிவிடுவார்.

உப்புவெளி வானொலி

பின்னால் ஒரு வி.சி.ஏ. போடும். அதன் கட்டுப்பாட்டு உள்ளீட்டுக்கு, வோல்ட்டேஜ்களை வரிசையாக ஒவ்வொன்றாக வெளியிடும் சீக்குவென்சரின் இரண்டாவது வரிசையை அனுப்பினால் ஒவ்வோர் அடிக்கும் வேறு பலம். பார்த்தீரா, திரும்பவும் வி.சி.ஏ.

தாளத்துக்கு ஒரு வழி: சீராகத் துடிக்கும் ஒரே கிளொக்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஐந்தால் வகுத்துத் தொப்பிக்கும் மற்றதை மூன்றால் வகுத்து வலந்தலைக்கும் கொடுத்தால், பதினைந்து மாத்திரைக்கு ஒரு முறை இரண்டும் சேர்ந்து விழும். கண்டமும் திஸ்ரமும் மோதுவது உமக்குப் பழக்கம்தானே? பெட்டிக்கு அது வெறும் எண்ணல்.

ஓர்ஸ் ஹில்

மென்பொருளிலேயே எல்லோரும் நிற்பதால் உண்மைப் பெட்டி வைத்திருக்கிறவன் ஒரு வார்த்தை. நான் பயன்படுத்துவது யூரோரெக். டீட்டர் டொப்பர் 1990களின் நடுவில் கொண்டுவந்த அளவு முறை: உயரம் 3 யூ, அதாவது 128.5 மி.மீ. முகப்பு, அகலம் 5.08 மி.மீ. மடங்குகளில், 3.5 மி.மீ. ஜாக், 12 வோல்ட் நேரும் எதிரும். பல கம்பனிகளின் மொடியூல்கள் ஒரே சட்டத்தில் அமர்வது இதனால்தான். ஓர் ஒக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற வழக்கம் அதற்கும் முன்னால், 1960களில் பொப் மூக் எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் டொன் பூக்லா வேறு வழியில் போனார், அவர் கருவிகளில் ஓர் ஒக்டேவுக்கு 1.2 வோல்ட். இரண்டையும் நேரே இணைத்தால் அபசுரம்தான் மிஞ்சும்.

மென்பொருளில் பழகியவர்கள் உண்மைக் கேபிளுக்கு வரும்போது சிக்கும் இடம் பிரிப்பானான மல்ட். ஓர் வெளியீட்டைப் பல உள்ளீடுகளுக்குப் பிரிக்கலாம். இரண்டு வெளியீடுகளை ஒன்றாக முடிச்சுப் போடக் கூடாது, அதற்கு மிக்ஸர் இருக்கிறது. பிரிக்கும்போதும் சுருதி வோல்ட்டேஜ் என்றால் கவனம். வெளியீட்டின் தடை 1000 ஓம், ஒவ்வோர் ஒஸிலேட்டரின் உள்ளீடும் ஓர் இலட்சம் ஓம் என்று வையுங்கள். இரண்டாவது ஒஸிலேட்டரைச் சொருகியதும் வோல்ட்டேஜ் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று விழும். 3 வோல்ட்டில் அது 30 மில்லிவோல்ட். அரைச்சுரம் ஒன்றுக்கு 83 மில்லிவோல்ட்தான், ஆகவே மூன்றிலொரு பங்குக்கு மேல் சுருதி இறங்கிவிட்டது. இந்த வீழ்ச்சியைத் தடுக்கும் பபர் சுற்று வைத்த மல்ட் வாங்குவது இதற்காக.

மின் இணைப்பு: ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு எதிர் 12 வோல்ட் பக்கம். இதை மாற்றிச் சொருகிப் புகை வரவழைத்தவர்கள் நிறையப் பேர். சிவப்பு என்றால் நேர் என்று கை தானாகவே நினைக்கிறது. பெட்டியை இணைப்பிலிருந்து கழற்றிய பிறகுதான் மொடியூலைத் தொட வேண்டும்.

நமக்கென்று தனியாக ஒன்று உண்டு: உப்புக் காற்று. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். மூடி இல்லாமல் வைத்த பெட்டியின் ஜாக்குகள் கறுத்து, கேபிளை அசைத்தால் "கறகற" என்கின்றன. மூடியும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். பயன்படுத்தாத ஜாக்கிலும் இடைக்கிடை கேபிளைச் சொருகி எடுக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அனலொக் ஒஸிலேட்டர் சுருதியை விட்டு நகரும். அரை மணி நேரம் சூடேற விட்டுச் சுருதி சேர்த்தால் ஓரளவு நிற்கும். மென்பொருளில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் மாற மாட்டேன்.

கோணேசபுரி

எனக்குப் பெட்டி வாங்கும் வசதி இல்லை, ஆகவே புகைக்குப் பயமில்லை. கடலைத் தொடங்கினேன். எல்லா மீடிறனும் கலந்த வெள்ளை இரைச்சலைப் பில்டருக்குள் விட்டு, மிக மெதுவான எல்.எப்.ஓ.வால் கட்-ஓப்பை அசைத்தேன். கடல் போல்தான் இருக்கிறது, ஆனால் மூன்றாவது அலையிலேயே இயந்திரம் என்று தெரிந்துவிடுகிறது. இயக்குநர் கேட்டுவிட்டு "யார் குறட்டை விடுவது?" என்றார்.

உப்புவெளி வானொலி

குறட்டையாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரம் எடுக்கின்றன. கரைக்குப் போய்க் கண்ணை மூடிக் கேளும். அலை உடைந்து எழுவது விரைவு, பின்வாங்குவது நீளம். எல்.எப்.ஓ.வை நேரே பில்டருக்குக் கொடுக்காமல், அதன் சதுர அலையால் ஓர் என்வலப்பைத் தூண்டும். அட்டாக் ஒன்றரை விநாடி, விழும் நேரம் ஆறு விநாடி. அந்த என்வலப் பில்டருக்கும் வி.சி.ஏ.க்கும் போகட்டும்.

அடுத்தது, எல்.எப்.ஓ.வின் வேகத்தையே அசைக்க வேண்டும். முதலாவது 0.1 ஹேர்ட்ஸ், அதாவது பத்து விநாடிக்கு ஓர் அலை. இரண்டாவது எல்.எப்.ஓ. 0.03 அளவில், அதை அட்டெனுவேட்டர் வழியாக முதலாவதின் வேக உள்ளீட்டுக்குக் கொடும், கொஞ்சமாக. சாம்பிள் அன்ட் ஹோல்ட் ஒன்றை அலைக்கு ஒரு முறை தூண்டி, அது பிடித்துத் தரும் தற்செயல் வோல்ட்டேஜால் அலையின் உயரத்தை மாற்றும். எல்லா அலையும் ஒரே உயரமாக வரும் கடல் எங்கும் இல்லை.

இன்னும் ஒன்று. அலை பின்வாங்கும்போது மணலும் சிப்பியும் உரசி "ஷ்ஷ்" என்று மேலே தனியாக ஒரு ஒலி வரும். அதற்கு இரைச்சலின் இன்னொரு கிளையை, கீழே இருப்பவற்றைச் சீவும் ஹை-பாஸ் பில்டரில் விட்டு, முதல் என்வலப் விழத் தொடங்கும்போது எழும்படி இன்னொரு என்வலப்பால் திறக்க வேண்டும், மெல்லிதாக. ஆனால் உமது நாடகம் சுவாமி மலையில். அங்கே மணல் இல்லை, பாறை. ஆகவே இந்தக் கிளையைக் குறைத்து, அலை மோதும் கணத்தில் 50 ஹேர்ட்ஸுக்கு அருகில் ஒரு குத்து, தவில்காரருக்குச் சொன்ன தொப்பி இணைப்பு போதும். மார்கழிக் கடல் வேண்டுமா, ஆனிக் கடல் வேண்டுமா என்று இயக்குநரிடம் கேளும். ஆனியில் அங்கே இவ்வளவு சத்தம் இருக்காது.

கோணேசபுரி

மார்கழி! உயரம் மாறியதும் குறட்டை போய்விட்டது. மேலிருந்து எட்டிப் பார்ப்பது போலவே இருக்கிறது.

சுருதி: முதல் ஒஸிலேட்டரை ஒரு கட்டையில் வைத்தேன், இரண்டாவதைப் பஞ்சமத்தில். சரியாகவே இருக்கிறது, ஆனால் பாடுகிற அக்கா "இது மின்சாரப் பெட்டிச் சுருதி, உயிரில்லை" என்கிறார்.

ஓர்ஸ் ஹில்

பஞ்சமத்தை எப்படி வைத்தீர்கள்? ஏழு அரைச்சுரம் என்று, வோல்ட்டேஜைச் சுரத்தில் நிறுத்தும் குவான்டைசரில் வைத்திருந்தால் 0.583 வோல்ட். தம்புராவின் பஞ்சமம் 3:2 விகிதம், அதற்கு 0.585 வோல்ட் வேண்டும். வித்தியாசம் இரண்டு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, ஆனால் காதுக்குத் தெரியும். ஸட்ஜம் 130.81 ஹேர்ட்ஸ் என்றால் அதன் மூன்றாவது இசையம் 392.43. குவான்டைசரின் சமப்படுத்திய பஞ்சமம் 196.00, அதன் இரண்டாவது இசையம் 392.00. இரண்டும் ஒன்றோடொன்று உரசி, இரண்டு விநாடிக்குச் சற்று மேலாக ஒரு முறை அலையடிக்கும். குவான்டைசரை எடுத்துவிட்டு, நுண்குமிழால் அந்த அலையடிப்பு நிற்கும்வரை திருப்புங்கள். சுருதி பூட்டிக்கொள்வது காதுக்குத் தெரியும்.

பிறகு ஸட்ஜத்துக்கு இன்னோர் ஒஸிலேட்டரைச் சேர்த்து, அதை மட்டும் அரை ஹேர்ட்ஸ் விலக்குங்கள். இந்த அலையடிப்பு வேண்டியது, முந்தியது வேண்டாதது. ஒவ்வோர் ஒஸிலேட்டருக்கும் தனி வி.சி.ஏ. வைத்து, வெவ்வேறு வேகத்தில் மெல்ல ஏறி இறங்க விட்டால் அக்காவின் குறை தீரும்.

லிங்கநகர்

கமகமும் கேட்பார், பாருங்கள். சிந்தசைசரில் கமகம் என்றால் எல்லோரும் ஒரு வைப்ரேட்டோவை ஒட்டிவிடுகிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. கமகம் ஒரே அளவில் அசையும் நடுக்கம் அல்ல. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றைத் தொட்டு மீள்வது. சீக்குவென்சருக்கும் ஒஸிலேட்டருக்கும் நடுவே, வோல்ட்டேஜின் தாவலை மெதுவாக்கும் ஸ்லூ மொடியூல் வைத்தால் சுரங்கள் வழுக்கிச் சேரும். அது ஜாரு எனும் வழுக்கலுக்குச் சரி. தொட்டு மீள்வதற்கு ஓர் என்வலப்பைச் சுருதியோடு மிக்ஸரில் கூட்ட வேண்டும், 83 மில்லிவோல்ட் அளவுக்கு. 10 வோல்ட்டை ஒரே குமிழில் அவ்வளவுக்குக் குறைத்தால் கை நடுங்கும், இரண்டு அட்டெனுவேட்டரைத் தொடராகப் போடுங்கள். மாயாமாளவகௌளை ரிஷபத்தில் செய்து பாருங்கள், அங்கேதான் கூடுதலாகப் பலன் தெரியும்.

கோணேசபுரி

இனி மலைதான். நாளைக்கு ஒத்திகை.

உப்புவெளி வானொலி

மலையை ஒரே ஒலியாகச் செய்யாதையும். வாள் விழுவது, பாறை பிளப்பது, கல் உருள்வது என்று மூன்று அடுக்கு, மூன்றும் மிக்ஸரில் சேரட்டும்.

வாளுக்கு ரிங் மொடுலேட்டர். 440, 100 ஹேர்ட்ஸ் சைன் அலைகள் இரண்டை அதில் விட்டால் அவை மறைந்து கூட்டலும் கழித்தலுமான 540உம் 340உம் வெளியே வரும். ஒன்றுக்கொன்று உறவில்லாத எண்கள், ஆகவே உலோகம். சுருக்கமான என்வலப் போதும். பிளப்புக்கு இரைச்சலில் 200 ஹேர்ட்ஸுக்கு மேலே இருப்பதைச் சீவி, பில்டரின் வெளியீட்டை மிக்ஸர் வழியாக அதன் உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பும். குமிழைக் கூட்டக் கூட்ட உறுமும். ஒலிபெருக்கியின் சத்தத்தை முதலில் குறைத்துக்கொள்ளும்.

கல் உருள்வதுதான் எனக்குப் பிடித்தது. மெதுவாக்கிய இரைச்சலைக் கொம்பரேட்டரில் விட்டால், அது எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ட்ரிகர், நேர ஒழுங்கே இல்லாமல். அந்த ட்ரிகரால் பில்டரைத் தட்டும். அதே ட்ரிகரால் சாம்பிள் அன்ட் ஹோல்ட்டைத் தூண்டி, ஒவ்வொரு தட்டுக்கும் கட்-ஓப்பை மாற்றும். பெரிய கல், சின்னக் கல், சரளை எல்லாம் வரும். கொம்பரேட்டரின் எல்லையை ஓர் என்வலப்பால் மெல்ல உயர்த்தினால் கற்கள் குறைந்து குறைந்து அடங்கும்.

கோணேசபுரி

கல் உருள்வதைக் கேட்டு ஒப்பனை அறையிலிருந்து ஓடி வந்து பார்த்தார்கள். ஆனால் மண்டப ஒலிபெருக்கியில் பிளப்பு கேட்கவே இல்லை, என் தலையணியில் மட்டும்தான் கேட்கிறது.

ஓர்ஸ் ஹில்

சிறிய ஒலிபெருக்கிகள் அடிமட்டத்தைத் தள்ளாது. பிளப்பின் கட்-ஓப்பை 400 வரை உயர்த்தி, கொஞ்சம் டிஸ்டோர்ஷன் சேருங்கள். மேல் இசையங்கள் வந்தால் அடிமட்டம் இருப்பதாகக் காதே கற்பனை செய்துகொள்ளும். மின்வெட்டு வந்தால் மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் ரெக்கின் ரெக்கோடர் மொடியூலில் வேவ் கோப்பாகப் பதிந்து ஒரு பென்ட்ரைவில் வைத்திருங்கள். மடிகணினி நடுவே திணறினாலும் கைகொடுக்கும்.

தம்பலகாமத்துத் தவில்

தவிலுக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன். மரப்பலகை ஒலியை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டாம்.

கோணேசபுரி

வாருங்கள் அண்ணா! தொப்பியில் ஒலிவாங்கி வைத்து உங்கள் அடியையே ட்ரிகராக எடுத்துக் கற்களை உருட்ட முடியுமா? உப்புவெளி ஐயா?

உப்புவெளி வானொலி

முடியும். ஒலிவாங்கிச் சத்தத்தை, ஒலியின் பலத்தை வோல்ட்டேஜாக்கும் என்வலப் போலோவரில் விடும், அதன் வெளியீட்டைக் கொம்பரேட்டருக்கு. எல்லையை உயர்த்தியே வையும், இல்லாவிட்டால் சபை கைதட்டினாலும் மலை உடையும்.